ஜெர்மனி புளூ கார்டு: மகன் ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்

அன்புள்ள அம்மா,

மகன் ஈ.சி.ஈ. முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறார். ஸ்டுட்கார்ட்டில் எம்பெடெட் சாஃப்ட்வேர் வேலைக்கு ஆண்டுக்கு 47,200 யூரோ என்று ஆஃபர் வந்திருக்கிறது. ஏஜென்ட் ஒருவர் ‘புளூ கார்டு கேரண்டி’ (பட்டம் பெற்ற வெளிநாட்டவர் அங்கே தங்கி வேலை பார்க்கத் தரும் அனுமதி) என்று மூன்று லட்சம் கேட்கிறார். பையனை நம்பி அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பையனின் திறமையில் சந்தேகமே வேண்டாம். சந்தேகப்பட வேண்டியது அந்த 47,200-ஐ.

ஆஃபர் லெட்டரை எடுத்து இரண்டாம் பக்கத்தைப் பாருங்கள். மாதச் சம்பளம் 3,600 யூரோ, 12 மாதத்துக்கு 43,200. மீதி 4,000 ‘செயல்திறனைப் பொறுத்த’ போனஸ். புளூ கார்டுக்குச் சம்பளம் பார்க்கும்போது, கட்டாயம் தந்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தொகையை மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். கொடுத்தாலும் கொடுக்கலாம் என்கிற போனஸுக்கு அங்கே மதிப்பில்லை. ஆக, தம்பியின் சம்பளம் 43,200 தான்.

2026-க்கான வரம்பு ஆண்டுக்கு 50,700 யூரோ. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கும், பட்டம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கும் 45,934.20 யூரோ இருந்தால் போதும். பொறியாளர்களும் ஐ.டி.காரர்களும் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பதால் தம்பிக்குக் குறைந்த வரம்பே பொருந்தும். இருந்தும் 2,734 யூரோ இடிக்கிறது. இப்படியே விண்ணப்பித்தால் புளூ கார்டு கிடைக்காது.

இந்த வரம்பு ஆண்டுதோறும் மாறும். ஓய்வூதியக் காப்பீட்டுப் பிடித்தத்துக்கு என்று அரசு வைக்கும் உச்சவரம்பில் சரிபாதி பொது வரம்பு, 45.3 சதவீதம் குறைந்த வரம்பு. 2025-ல் இவை 48,300, 43,759.80 என்று இருந்தன. நவம்பரில் 44,500 யூரோவுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிப்ரவரி வரை விண்ணப்பத்தை இழுத்தடித்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ஆண்டுக் கடைசியில் ஆஃபர் வந்தால், அடுத்த ஆண்டு வரம்பைத் தாண்டும்படி சம்பளத்தைப் பேசி வைப்பது நல்லது.

தம்பி இப்போது செய்ய வேண்டியது ஒரு மின்னஞ்சல். ‘அடிப்படைச் சம்பளத்தை 46,000 ஆக்கி, போனஸை அதற்கேற்பக் குறைத்துத் தர முடியுமா’ என்று கேட்கட்டும். மொத்தச் செலவு ஏறாது என்பதால் ஜெர்மன் நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ‘13-வது மாதச் சம்பளம் உறுதி’ என்று எழுதித் தந்தாலும் சரிதான். 3,600 பதின்மூன்று முறை என்றால் 46,800. நிறுவனம் இரண்டுக்கும் மறுத்துவிட்டால் கதவு சாத்தப்பட்டது என்று அர்த்தமில்லை. ஜெர்மன் குடியேற்றச் சட்டத்தின் 18பி பிரிவில் பட்டதாரிகளுக்குத் தனி வேலை அனுமதி இருக்கிறது. 45 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதில் நிலையான சம்பள வரம்பு கிடையாது. அந்த ஊரில் அந்த வேலைக்குத் தரும் சம்பளத்தைத் தருகிறார்களா என்று மட்டும் பார்ப்பார்கள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதிக்குக் கூடுதலாக ஏறத்தாழ ஓராண்டு காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது பட்டம். ‘அனாபின்’ என்று ஜெர்மன் அரசின் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் கல்லூரிப் பெயரைத் தேடி ‘இல்லையே’ என்று பதறிப்போகிறவர்கள் பலர். நம் ஊரில் கல்லூரி பாடம்தான் நடத்துகிறது, பட்டம் தருவது பல்கலைக்கழகம். ஆகவே அண்ணா பல்கலைக்கழகம் என்றே தேட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயருக்கு எதிரே ‘ஹெச் பிளஸ்’ (அங்கீகாரம் உண்டு) என்று இருக்க வேண்டும். பிறகு பட்டத்தைத் தனியாகத் தேட வேண்டும். அங்கே ‘என்ட்ஷ்ப்ரிஷ்ட்’ அல்லது ‘க்ளைஷ்வெர்டிக்’ என்ற சொல் இருந்தால் தேறியது. ‘பெடிங்ட்’ என்று தொடங்கினால் ஓரளவுக்குத்தான் பொருந்துகிறது என்று பொருள், அது போதாது. இரண்டு பக்கத்தையும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பட்டியலில் இல்லாவிட்டால் பான் நகரில் உள்ள ‘ஸாப்’ அலுவலகத்தில் மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்; கட்டணம் 208 யூரோ. புரொவிஷனல் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போகாமல் விட்ட பட்டச் சான்றிதழ் இன்னும் பல்கலைக்கழகத்திலேயே கிடந்தால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.

பிறகு, நம் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி: இனிஷியல். பட்டச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் சுப்பிரமணியன்’, ஆதாரில் வேறொன்று என்று இருப்பது நமக்குச் சாதாரணம். ஜெர்மன் அதிகாரிக்கு இது இரண்டு ஆள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் இன்னும் சிக்கல். அங்கே வங்கி, வரி, காப்பீடு என்று எந்தப் படிவமும் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் நகராது. வேலை ஒப்பந்தத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டைத் திருத்த வேண்டியிருந்தால் விசாவுக்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

இந்தக் காகிதங்கள் சரியாக இருந்தால் விண்ணப்பம் பெரிய வித்தை இல்லை. ஜெர்மன் தூதரகங்களின் இணைய முகப்பில் ஆவணங்களை ஏற்றி, அழைப்பு வந்ததும் சென்னையில் கைரேகை கொடுக்க வேண்டும். ‘வேலை உறவு அறிவிப்பு’ என்று ஒரு படிவம் உண்டு. அதை நிரப்ப வேண்டியது நிறுவனம். வேலை விவரம், வார மணி நேரம், சம்பளம் எல்லாம் அதில் வரும். குறைந்த வரம்பில் விண்ணப்பிப்பவர்களுக்கு ஜெர்மனியின் வேலைவாய்ப்பு முகமை ஒப்புதல் தர வேண்டும், அவர்கள் பார்ப்பது இந்தப் படிவத்தைத்தான். ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், படிவத்தில் வேறு சம்பளம் என்று இருந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். இரண்டையும் தம்பி பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

இப்போது அந்த மூன்று லட்சம். விசாக் கட்டணம் 75 யூரோ. தேவைப்பட்டால் ஸாப் 208. அங்கே போனபின் அட்டைக்குச் சுமார் 100. அவசரம் என்றால் நிறுவனமே அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி விரைவு நடைமுறையைத் தொடங்கலாம். வேறு அரசுக் கட்டணம் கிடையாது. ஆஃபர் ஏற்கெனவே கையில் இருக்கும்போது ஏஜென்ட் எதற்கு ‘கேரண்டி’ தருகிறார் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். முடிவு எடுப்பது தூதரகமும் வேலைவாய்ப்பு முகமையும். அவர் கையில் ஒன்றுமில்லை.

சம்பளம் கேட்க நன்றாக இருக்கிறது, கைக்கு எவ்வளவு வரும் என்றும் கேட்டிருந்தீர்கள். 46,000 ஆண்டுச் சம்பளத்தில், மணமாகாத ஒருவருக்கு வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் போக மாதம் சுமார் 2,500 யூரோ. வீட்டு முன்பணம், செலவுகள் சேராத மூன்று மாத வாடகை வரை கேட்கலாம் என்பது அங்கே சட்டம். முதல் மாதச் சம்பளம் வருவதற்குள் இது வந்து நிற்கும், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள். வீடு குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் வேண்டும். ‘பதிவுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்’ என்று சொல்லும் வீடு எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வேலை போய்விட்டால்? உங்கள் கடிதத்தில் மூன்று முறை வந்த கேள்வி இது. முதல் ஆறு மாதம் பொதுவாகத் தகுதிகாண் காலம். அப்போது இரண்டு வார அறிவிப்பில் நிறுத்தலாம். வேலை போனது தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுத்தில் சொல்லிவிட வேண்டும். பயந்துபோய் மறைப்பதுதான் காரியத்தைக் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, புளூ கார்டு எடுத்து இரண்டு ஆண்டு ஆகாதவர்கள் மூன்று மாதம் வரை வேலையில்லாமல் இருந்தாலும் அதைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்க முடியாது. இரண்டு ஆண்டு தாண்டியவர்களுக்கு ஆறு மாதம். முதல் 12 மாதத்துக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் அதே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

புளூ கார்டிலிருந்து நிரந்தர அனுமதிக்கு ஜெர்மன் மொழி பி1 (இடைநிலை) இருந்தால் 21 மாதம், ஏ1 (தொடக்க நிலை) மட்டும் என்றால் 27 மாதம். ஆறு மாத வித்தியாசம் வெறும் மொழியால் வருகிறது. விசாவுக்காகக் காத்திருக்கும் வாரங்களில் தம்பி சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் ஏ1 தொடங்கிவிடலாம். அங்கே வேலை ஆங்கிலத்தில் நடக்கும், அலுவலகக் கடிதங்கள் ஜெர்மனில்தான் வரும்.

நீங்கள் கூடப் போய் இருக்க முடியுமா என்பதற்கு: 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல்முறை அனுமதி பெறும் திறன்பணியாளர்களின் பெற்றோருக்குச் சட்டத்தில் வழி திறந்திருக்கிறது. வாழ்க்கைச் செலவும் மருத்துவக் காப்பீடும் உறுதியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அறுபது வயதுக்கு மேல் அந்தக் காப்பீடுதான் கையைக் கடிக்கும். இதை மூன்று ஆண்டு கழித்துப் பார்ப்போம்.

கடைசியாக ராஜினாமா. இப்போதைய நிறுவனத்தில் 90 நாள் நோட்டீஸ் என்றால், விசா கைக்கு வருமுன் எழுதிக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். ஒப்பந்தத்தில் சேரும் தேதியை ‘விசா கிடைத்து மூன்றரை மாதத்துக்குள்’ என்று மாற்றித் தரச் சொல்லி, சம்பளம் பற்றி எழுதும் அதே மின்னஞ்சலிலேயே கேட்டுவிடட்டும். அங்கேயும் மூன்று மாத நோட்டீஸ் புதிதல்ல, புரிந்துகொள்வார்கள். பழைய தேதியே இருந்து, விசா தாமதமாகி அந்தத் தேதி கடந்துவிட்டால் புது ஒப்பந்தம் கேட்டுத் தூதரகம் திருப்பி அனுப்பும், வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் வந்த அன்று மாலை நோட்டீஸ் கொடுத்தால் போதும்.