ஒரு நாளில் யாழ்ப்பாணம்: நயினாதீவை விட்டுவிடுங்கள்

வணக்கம். சென்னையிலிருந்து வயதான அம்மாவோடு வருகிறீர்கள்; ஒரே நாளில் நல்லூர், கோட்டை, நூலகம், நயினாதீவு எல்லாம் முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நயினாதீவை விடுங்கள். குறிகட்டுவான் படகுத்துறை வரை போய், படகுக்குக் காத்து நின்று திரும்பவே அரை நாள் போய்விடும். அம்மாவுக்குப் படகில் ஏறி இறங்குவதும் சிரமம்.

விடியவே நல்லூர் கந்தசாமி கோயிலுக்குப் போங்கள். அங்கே பூசை நேரம் தவறாது, யாருக்காகவும் காத்திராது. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும், உள்ளே படம் எடுக்க விடமாட்டார்கள். அப்புறம் ஓட்டோ பிடித்தால், பழைய யாழ்ப்பாண அரசை நினைவூட்டும் சங்கிலியன் தோப்பு வளைவும் ‘ப’ வடிவ யமுனா ஏரியும் கிட்டத்தான். மத்தியானச் சாப்பாடு, ஓய்வு.

கோட்டைக்குப் பின்னேரம்தான் போக வேண்டும்; மதில் மேல் நிழலே இல்லை. போர்த்துக்கேயர் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, பிறகு ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினார்கள். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: கடலில் எடுத்த பவளக் கல், துளைத்துளையாக இருக்கும். பலர் கடலோடு செல்ஃபி எடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே போகிறார்கள்.

நூலகம் அங்கிருந்து நடை தூரம். 1981இல் எரிக்கப்பட்டு, மீண்டும் எழுப்பிய கட்டடம். பிள்ளைகள் படிக்கிற இடம், அதனால் பார்வையாளர் நேரத்தை முதல் நாளே விசாரித்து வையுங்கள்.