டெர்-து-ஓ தீவில் மூன்று மணிக்குச் சாப்பாடு கிடைக்கவில்லை என்றவருக்கு

மதியம் 12 முதல் 2 மணிக்குள் உட்கார்ந்துவிடுங்கள். அதற்கப்புறம் போனால், நீங்கள் எழுதியபடி எல்லா இடத்திலும் அடுப்பு அணைந்துவிட்டது என்றுதான் சொல்வார்கள். இந்தத் தீவு கரீபியனில் உள்ள குவாடலூப்பைச் சேர்ந்தது, குவாடலூப் பிரான்ஸின் பகுதி. சாப்பாட்டு நேரமும் பிரெஞ்சு வழக்கம்தான். இரவுக்கு ஏழு மணியாகும்.

இரவில் பல சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருந்தன என்றும் எழுதியிருந்தீர்கள். அதற்குப் படகுதான் காரணமாக இருக்கும். பகலில் வருபவர்கள் மாலைப் படகில் திரும்பிவிடுவதால், மதியத்தோடு கடையை முடித்துக்கொள்பவர்கள் உண்டு. காலையில் நடக்கும்போதே வாசல் கரும்பலகையைப் பாருங்கள். "ஸ் சுவார்?" (இன்றிரவு உண்டா?) என்று கேட்டு, அங்கேயே பேர் சொல்லி மேசை பிடித்துவிடுங்கள். ஞாயிறு என்றால் கட்டாயம்.

இடையில் பசித்தால் படகுத்துறையில் பெண்கள் விற்கும் துர்மான் தமூர் வாங்குங்கள். உள்ளங்கை அளவு வட்டம். அடியில் மொறுமொறு மாவு, நடுவில் தேங்காய் ஜாம், மேலே மெத்தென்ற கேக். சூடு ஆறுவதற்குள் தின்ன வேண்டும்.

சைவம் என்றீர்களே, அதில் கவனம். அக்ரா பார்க்க நம் போண்டா மாதிரியே இருக்கும். பெரும்பாலும் உள்ளே உப்பிட்ட காட் மீன். கொலம்போ என்ற குழம்பில் மல்லி, மஞ்சள், சீரகம், வெந்தயம் எல்லாம் மணக்கும். 1854 முதல் அங்கே கப்பலேறிப் போன இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் மசாலா அது, தமிழர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் அதில் கிடப்பது ஆடோ கோழியோதான். "சான் வியாந்த், சான் புவாசோன்" (கறியும் மீனும் வேண்டாம்) என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.