பூட்டானின் உயர்ந்த மலைகளில் புலியை எப்படித் தேடுகிறார்கள்?

“ஆள் நடமாட்டமே இல்லாத மலையில் புலி இருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், அதனால் புலிக்கு என்ன பயன்?” என்று கேட்டிருக்கிறீர்கள். பூட்டானை எடுத்துக்கொள்வோம்.

அங்கே புலியை நேரில் பார்ப்பது அபூர்வம். ஒற்றையடிப் பாதைகளில் கால்தடம், எச்சம், மரப்பட்டையில் நகக்கீறல் என்று தேடிப் போவார்கள். தடம் கிடைத்த இடத்தில் பாதையின் இருபுறமும் முழங்கால் உயரத்தில் தானியங்கி கேமராக்களைக் கட்டுவார்கள். ஏன் இரண்டு? ஒரே புலிக்கு இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. இரண்டும் பதிவானால்தான் இது எந்தப் புலி என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

இப்படித்தான் 4,000 மீட்டருக்கு மேலும் புலி நடமாடுவது படத்தோடு உறுதியானது. பூட்டான் முழுவதும் 2015-இல் 103 புலிகள். 2021-22 கணக்கெடுப்பில் 131.

என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட முக்கியம் வழித்தடம். அது தெரிந்தால்தான் காப்பகங்களை இணைக்கும் காட்டைச் சாலைகள் துண்டாக்காமல் காக்க முடியும். தாயைப் பிரிந்து புது எல்லை தேடும் இளம் புலி அந்த வழியாகத்தான் போகிறது.