ஷூவுக்குள் பீசோ ஃபிலிம் வைத்து நடந்தால் செல்போனுக்கு சார்ஜ் ஏறுமா?

ஏறாது. பீசோ என்பது அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்தான், ஆனாலும் போனுக்குப் போதாது. இதைக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் சொல்கிறேன். இன்ஜினியரிங் கடைசி வருடத்தில் இதே யோசனையை ப்ராஜெக்ட்டாகக் காட்டி மார்க் வாங்கியவன் நான்.

எங்களுடையது ஷூ அல்ல, கால்மிதி. பஸ்ஸருக்குள் இருக்குமே, பீசோ செராமிக் ஒட்டிய 27 மி.மீ. பித்தளை வில்லை, அதில் 12 வாங்கி அடியில் ஒட்டினோம். மிதித்தால், மின்னழுத்தத்தைத் திரையில் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் 20 வோல்ட் துள்ளும். ஆளை ஏமாற்றுவது அந்த 20 வோல்ட்தான். ஒரு வில்லையின் மின்தேக்குத்திறன் சுமார் 20 நானோஃபாரட். கணக்குப் போட்டால் மிதிக்கு 4 மைக்ரோஜூல். 12 வில்லைக்கும் சேர்த்து 50கூட வராது. ஒரு எல்.ஈ.டி.யை சில மில்லிவிநாடி மினுக்க அது போதும், அவ்வளவுதான். 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை 3 வோல்ட்டுக்கு ஏற்ற என் நண்பன் நூற்றுக்கணக்கான தடவை குதித்தான். எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்த அன்று அதை முன்னாடியே சார்ஜ் செய்து வைத்துவிட்டோம். இத்தனை வருடம் கழித்துச் சொன்னால் பட்டத்தைப் பிடுங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் கேட்கும் ஃபிலிம், பி.வி.டி.எஃப். என்ற பிளாஸ்டிக். இழுத்து நீட்டி வலுவான மின்புலத்தில் வைத்தால் அதற்கு பீசோ குணம் வரும் என்று 1969இல் ஜப்பானின் ஹெய்ஜி கவாய் காட்டினார். வளையும், உடையாது. ஆனால் மின்சாரம் தருவதில் கஞ்சம்: பஸ்ஸர் வில்லையில் இருக்கும் பி.இசட்.டி. செராமிக் ஒரு நியூட்டன் விசைக்குச் சில நூறு பிக்கோகூலோம் மின்னூட்டம் தருமென்றால், இது 20, 30 தரும்.

ஷூவிலும் செய்து பார்த்திருக்கிறார்கள். எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜோ பாரடிசோ குழு 2001இல் வெளியிட்ட அளவுப்படி, முன்பாதத்தில் வைத்த ஃபிலிம் சராசரியாக 1.3 மில்லிவாட், குதிகாலில் வைத்த செராமிக் 8.4 மில்லிவாட். சில அடிகளுக்கு ஒருமுறை ரேடியோவில் ஓர் அடையாள எண்ணை அனுப்ப அது போதுமானதாக இருந்தது. உங்கள் போனின் 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-மணி. 1.3 மில்லிவாட்டை வைத்து மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால், பூமியை ஒரு சுற்று சுற்றி வந்த பிறகும் முழு சார்ஜ் ஏறியிருக்காது.

அதே ஃபிலிமை மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்தில் ஒட்டி, நல்ல ஆம்ப்ளிஃபையரில் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு துடிப்பும் திரையில் எழும்பும். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ப்ராஜெக்ட் மார்க்கெல்லாம் மறந்துபோனது. மெத்தைக்கடியில் ஒரு பட்டை போட்டால் தூங்குகிறவரின் மூச்சையும் இதயத்துடிப்பையும் பிடிக்கும். எதை மின்சாரம் என்று நினைத்து ஏமாந்தோமோ, அது தகவலாக இருக்கும்போது தாராளமாகப் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். அசையாத எடையை இது காட்டாது. அழுத்தும்போது தோன்றும் மின்னூட்டம் கசிந்து, மேலே ஆள் உட்கார்ந்திருக்கும்போதே பூஜ்யத்துக்கு வந்துவிடும். ‘கட்டிலில் ஆள் இருக்கிறாரா’ என்று பார்ப்பதானால் எடையைத் தேடாமல் மூச்சின் அசைவைத் தேடுங்கள்.

வாங்கினால், ஒயர் ஏற்கெனவே கிரிம்ப் செய்ததாக (சூடில்லாமல் அழுத்திப் பொருத்தியதாக) வாங்குங்கள். 80 டிகிரி தாண்டினாலே பீசோ குணம் குறையத் தொடங்கும். நான் சால்டரிங் அயர்னை வைத்தேன். ஃபிலிம் சுருண்டது, கூடவே அந்த மாத மெஸ் காசும்.