ஓ.சி.டி. (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைச் செய்யவைக்கும் மனநோய்): மனநல ஆலோசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மேடம், ஒரு இளம் தாய் "குழந்தையைக் குத்திவிடுவேனோ" என்று அழுகிறார். கை கழுவுவது, பூட்டை இழுத்துப் பார்ப்பது எதுவும் இல்லை. இதுவும் ஓ.சி.டி.யா?

பதில்: பெரும்பாலும் ஆம். அந்த எண்ணமே அவரைப் பதறவைக்கிறதா, கத்தியை ஒளித்துவைக்கிறாரா, குளிப்பாட்ட மாமியாரைக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள். "எண்ணம் வந்ததும் மனதுக்குள் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். சாமி பெயரைச் சொல்வது, நடந்ததைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது எல்லாம் சடங்குதான், அதாவது பதற்றம் தணியத் திரும்பத் திரும்பச் செய்வது. வெளியே தெரியாது, அவ்வளவே. ஆனால் காதில் குரல் கேட்கிறது, குழந்தைக்குள் தீய சக்தி புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புகிறார் என்றால் அது வேறு நோய். அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கேள்வி: எண்ணம் வந்தால் கையில் ரப்பர் பேண்டைச் சுண்டச் சொல்கிறேன். பலன் இல்லையே?

பதில்: விட்டுவிடுங்கள். சுண்டுவது இன்னொரு சடங்காகிவிடும். எண்ணத்தை விரட்டுவதல்ல, சடங்கை நிறுத்துவதுதான் சிகிச்சை.

கேள்வி: அதை எப்படித் தொடங்குவது, மேடம்?

பதில்: லண்டனில் உளவியலாளர் விக்டர் மேயர் 1966-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: பயத்தை எதிர்கொள்ள வைத்து, சடங்கைத் தடுப்பது. முதலில் ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் மதிப்பெண் எடுங்கள். மொத்தம் 40, 16 முதல் 23 வரை மிதமானது, 24-உம் அதற்கு மேலும் தீவிரம். பிறகு பயங்களை 0 முதல் 100 வரை அவரையே வரிசைப்படுத்தச் சொல்லி, 40-ஐ ஒட்டியதில் தொடங்குங்கள். அழுக்குப் பயம் என்றால் முதலில் கதவுக் கைப்பிடி, அடுத்து பஸ் கம்பி, கடைசியில் அதே கையால் தலையணை. கழுவக் கூடாது. தொடும் முன் "என்ன ஆகும்?" என்று எழுதவைத்து, பிறகு நடந்ததோடு ஒப்பிடுங்கள். தினமும் வீட்டுப் பயிற்சி கட்டாயம். 12 முதல் 20 அமர்வுகள் ஆகலாம்.

சொதப்புவது பெரும்பாலும் தொடுவதில் அல்ல, தடுப்பதில். உங்கள் முன் தொடுவார், வாசல் தாண்டியதும் கைப்பையிலிருந்து சானிடைசர் வெளியே வரும். அல்லது "சார் சொன்னார், ஏதாவது ஆனால் அவர் பொறுப்பு" என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும்.

கேள்வி: "ஒண்ணும் ஆகாது" என்று தைரியம் சொல்வது தப்பா?

பதில்: நோயை விளக்கும்போது ஒரு முறை சொல்லலாம். பத்தாவது முறை சொல்லும்போது சடங்கில் நீங்களும் கூட்டு. வீட்டாருக்கும் இதேதான். ஆனால் ஒரே நாளில் நிறுத்தினால் வீடு ரணகளமாகும். நோயாளியின் சம்மதத்தோடு படிப்படியாகக் குறையுங்கள்.

கேள்வி: மடி, ஆசாரம் பார்ப்பவர்களை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ஆசாரக்காரர் குளித்தால் தீட்டு போய்விட்டது, வேலையைப் பார்ப்பார். ஓ.சி.டி. உள்ளவருக்குக் குளித்தும் தீராது. அதே வீட்டில் ஆசாரம் பார்க்கும் மற்றவர்கள் எத்தனை முறை குளிக்கிறார்கள் என்று விசாரியுங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும்.

கேள்வி: ஒரு மாதம் செர்ட்ராலின் (மனச்சோர்வுக்கும் ஓ.சி.டி.க்கும் தரும் மருந்து) 50 மி.கி. சாப்பிட்டும் குறையவில்லையாம். மருந்து தோல்வியா?

பதில்: இல்லை. ஓ.சி.டி.க்கு மனச்சோர்வைவிட அதிக அளவு தேவைப்படும்; செர்ட்ராலின் 200 மி.கி. வரை போவதுண்டு. 8 முதல் 12 வாரம் பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். தானாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம் என்று சொல்லி, எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே திருப்பி அனுப்புங்கள்.