எடை ஏறவில்லை, ஆனால் ட்ரைகிளிசரைடு 240: உங்கள் கேள்விக்கு

இரவுப் பணி, வாரத்தில் ஐந்து நாள் பர்கர், பொரித்த உருளைக்கிழங்கு, பெரிய கோலா. ட்ரைகிளிசரைடு (ரத்தத்தில் இருக்கும் ஒருவகைக் கொழுப்பு) 240, ரத்த அழுத்தம் 138/88, ஆனால் ஒல்லியாகத்தானே இருக்கிறேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பதற வேண்டாம், ஆனால் ஒல்லி என்பதை நம்பி சும்மா இருந்துவிடவும் வேண்டாம். வெளியே தெரியாமல் கல்லீரலில் கொழுப்பு சேரலாம், எடை பார்க்கும் மெஷின் அதைச் சொல்லாது.

எல்லோரும் எண்ணெயைத்தான் திட்டுவார்கள், நான் முதலில் கோலாவைத்தான் பிடிப்பேன். 330 மில்லி டின்னிலேயே ஏறக்குறைய 35 கிராம் சர்க்கரை இருக்கிறது, பெரிய கப் என்றால் கேட்கவே வேண்டாம், அவ்வளவு சர்க்கரை மொத்தமாக உள்ளே போகும்போது கல்லீரல் அதில் ஒரு பகுதியைக் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுவதற்கு அது முக்கியமான வழி. இன்றைக்கே தண்ணீருக்கு மாறுங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.

ரத்த அழுத்தத்துக்கு, உப்பைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பன், சீஸ், சாஸ், இறைச்சி எல்லாவற்றிலும் உப்பு இருப்பதால் ஒரே வேளையில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். உருளைக்கிழங்கைச் சின்ன பாக்கெட்டாக்குங்கள், இரண்டு நாளாவது வீட்டுச் சாப்பாடு கொண்டுபோங்கள். ஓடினால் சரியாகிவிடுமா என்றால், உதவும், ஆனால் அது மட்டும் போதாது.

அப்புறம், ரத்தம் கொடுத்தது வெறும் வயிற்றிலா? பணி முடிந்து சாப்பிட்ட கையோடு கொடுத்திருந்தால் அந்த 240 கொஞ்சம் கூடுதலாகவே காட்டியிருக்கும். 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து மறுபடி எடுத்து, மருத்துவரிடம் காட்டுங்கள், கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும் வேண்டுமா என்று கேளுங்கள்.