தூண்டில் ஈயும் சின்ன கேமராவும்

அன்புள்ள ஐயா,

கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, மீனை ஏமாற்றும் போலி இரையான தூண்டில் ஈக்கள் கட்டுவது என் பொழுதுபோக்கு. கட்டியவற்றைப் படமெடுத்து வைக்க ஆசை. கையில் இருப்பது பழைய பாக்கெட் கேமரா. எவ்வளவு கிட்டே கொண்டுபோனாலும் பின்னால் இருக்கும் சுவர்தான் தெளிவாக விழுகிறது, ஈ மங்கிவிடுகிறது. ஃப்ளாஷ் போட்டால் வெளிறிப்போகிறது. மிகக் கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸோடு பெரிய கேமரா வாங்கித்தான் ஆகவேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். கிட்டே கொண்டுபோவதுதான் உங்கள் சிக்கலே. எந்த லென்ஸுக்கும் ஓர் எல்லை உண்டு. அதற்கு உள்ளே வந்த பொருளில் ஃபோகஸ் நிற்காது. நீங்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறீர்கள், கேமரா வேறு வழியில்லாமல் சுவரைப் பிடித்துக்கொள்கிறது.

பூ அடையாளம் போட்ட மேக்ரோ முறைக்கு மாற்றுங்கள். எல்லை சில சென்டிமீட்டருக்கு இறங்கிவிடும். ஆனால் பெரும்பாலான சின்ன கேமராக்களில் ஜூம் இழுக்காமல் இருந்தால்தான் இது நடக்கும். அப்படியே ஈயின் மேல் போய் ஒட்டிக்கொள்ளவும் வேண்டாம். கேமராவின் நிழல் விழும், கொக்கியின் முன்பக்கம் வீங்கித் தெரியும், ஈயின் தலையில் நூல் சுற்றிய தலைக்கட்டு தெளிவாக இருந்தால் வால் கலங்கும். கொஞ்சம் பின்வாங்கி எடுத்துவிட்டு, அப்புறம் படத்தில் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டிக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 4000 புள்ளி அகலம். அதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டாலும் 1300 புள்ளி மிஞ்சும். திரையில் பார்க்க அது தாராளம். கொக்கியின் தண்டு லென்ஸுக்கு நேர் பக்கவாட்டில் இருக்கட்டும். தலை முதல் வால் வரை ஒரே தூரத்தில் இருந்தால் முழுசும் தெளிவாக விழும்.

வெளிச்சத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட வேண்டும். ஃப்ளாஷை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும், நேர் வெயில் மட்டும் ஆகாது. விழுந்தால் கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டுங்கள். ஜன்னல் ஈக்குப் பக்கத்திலும் சற்றே பின்னாலும் வருகிற மாதிரி வையுங்கள். கழுத்தைச் சுற்றி நிற்கும் இறகின் இழைகள் ஒவ்வொன்றும் விளிம்பில் ஒளி பிடித்துத் தனித்தனியாக நிற்பதைப் பார்ப்பீர்கள். முன்னாலிருந்து ஒளி அடித்தால் அதே இழைகள் வெறும் புகைதான். எதிர்ப்பக்கம் இருட்டடித்தால் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வையுங்கள். அறை விளக்கு எரிய வேண்டாம். இரண்டு வெளிச்சமும் கலந்தால் ஆலிவ் நிற உடல் மஞ்சளாகிவிடும்.

பின்னணிக்கு ஓர் அடி தள்ளி, பளபளப்பில்லாத வெளிர் நீலத் தாளோ சாம்பல் தாளோ வைக்கலாம். வெள்ளைத் தாள்தான் வேண்டும் என்றால் படத்தின் வெளிச்ச அளவான எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், இல்லாவிட்டால் கேமரா அதை அழுக்குச் சாம்பலாக்கிவிடும். கறுப்புத் துணியைப் பலர் சிபாரிசு செய்வார்கள். எனக்குப் பிடிக்காது, பாதி ஈ அதில் காணாமல் போய்விடும்.

வீட்டுக்குள் ஷட்டர் மெதுவாகத்தான் திறந்து மூடும், கையில் பிடித்தால் ஆடும். புத்தக அடுக்கின் மேல் கேமராவை வைத்து, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை ஆகக் குறைவாக்கி, 2 விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மின்விசிறி ஓடினால் இறகு அசையும், அதையும் நிறுத்துங்கள்.

எடுத்த படத்தைப் பெரிதாக்கி முதலில் கொக்கியின் கண்ணை, அதாவது நுனியில் உள்ள துளையைப் பாருங்கள். பசை அடைத்திருக்கும், வெட்டாத நூல் நுனி நீட்டிக்கொண்டிருக்கும். கட்டும்போது வெறும் கண்ணுக்கு இதெல்லாம் தப்பிவிடும். ஊசியால் குத்திச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி எடுங்கள். கண் அடைத்த கொக்கியில் தூண்டில் நரம்பும் நுழையாது.